இழுத்துச் செல்லக்கூடிய வீடு

5 மார்ச் 2024, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இழுத்துச் செல்லக்கூடிய இந்தக் கரவன் வீட்டின் கூரையில் மழை விழும் சத்தம் எனக்குப் பிடிக்கும். கணவர் கிறிஸ்தோப்பருக்குப் பிடிக்காது. "தகரப் பேணிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று இன்றைக்கும் சொன்னார். இங்கே வந்த நாளிலிருந்து மழைக்கு மழை இதைத்தான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே காஸ் சிலிண்டரை மாற்றித் தந்துவிட்டு, பஸ் ஓட்டப் போனார்.

இங்கே வந்தது என்னுடைய முடிவு. மகள் டெல்சி படிக்கவென்று மியூன்ஸ்டருக்குப் போன பிறகு, ஜெர்மனியின் ஹம் நகரத்து மூன்றாம் மாடியில் எனக்கு மூச்சு முட்டியது. மேல்வீட்டுக்காரன் நடந்தால் எங்கள் விளக்கு ஆடும். நாங்கள் தேங்காய் உடைத்தால் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். எனக்கென்று ஒரு கதவு, திறந்து காலை வைத்தால் மண். அவ்வளவுதான் கேட்டேன். இந்தக் கால்வாய்க் கரைத் திடலில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வருடம் முழுக்க வாழ்கின்றன. கரவன்கள், மொபில் வீடுகள், கரையில் கட்டிய இரண்டு படகு வீடுகள். எல்லாருக்கும் நகரசபையில் பதிந்த முகவரி உண்டு. நாங்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல.

எங்கள் ஆட்களிடையே எனக்குப் பெயர் 'கரவன் இமெல்டா'. "அகதியா வந்து, கஷ்டப்பட்டு, திரும்பவும் கூடாரத்துக்கை போயிருக்கிறாளே" என்று அண்ணை யோசேப்பு மாதா கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர். சொல்லட்டும்.

பின்னேரம் பக்கத்துக் கரவன் ஹெல்முட் ஒரு கடிதத்தோடு வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரலைப் பறிகொடுத்த மனிதர். மூக்கில் ஒக்சிஜன் குழாயோடுதான் இருப்பார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. திடலை ஒரு கொம்பனி வாங்கிவிட்டதாம். ஜூன் முடிவுக்குள் எல்லாரும் வெளியேற வேண்டுமாம்.

"எங்க போறதெண்டு தெரியாதவன் எப்பிடிப் போறது, இமெல்டா?" என்று கேட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

19 மார்ச், செவ்வாய்

மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். அறிவித்தல் இல்லை.

வேலையால் வந்தபோது ஹெல்முட் கரவன் படியில் குந்தியிருந்தார். உதடு நீலம். அவருடைய ஒக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது. படகு வீட்டு சபீனா தன் ஜெனரேற்றரிலிருந்து வயர் இழுத்து வந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் ஹெல்முட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

திடல் ஆட்கள் சேர்ந்து பிடித்த சட்டத்தரணி சொல்கிறார், இப்படி வெட்டுவதற்கு அவர்களுக்கு உரிமையில்லையாம். வெட்டியவனுக்கும் அது தெரியும்தானே?

6 ஏப்ரல், சனி

இன்று ஆட்களை அனுப்பினார்கள். கறுப்பு ஜக்கெற், சம்மட்டி. பொதுக் குளியலறைக் கட்டிடத்துக்குள் போய் பேசின்களை ஒன்றொன்றாக அடித்து உடைத்தார்கள். 'திருத்த வேலை' என்று கதவில் ஒட்டிவிட்டுத்தான் உடைத்தார்கள். தண்ணீர் பீறிட்டுப் புல்லுக்கு மேலால் ஓடியது.

ஹெல்முட் சின்ன ஒக்சிஜன் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். ஒருவன் அவருடைய கன்னத்தில் அறைந்தான். பலமாகக்கூட இல்லை. ஒரு பூனையை விரட்டுவது போல. மூக்கிலிருந்த குழாய் கழன்று தொங்கியது. அவர் அதைக் குனிந்து எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

பொலிஸ் வந்தது, எழுதியது. "இது உங்களுக்கும் நில உரிமையாளருக்கும் இடையிலான விசயம்" என்றது. போனது.

அறைந்தவனை இன்னொருவன் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். இழுத்தவன் கறுத்த தொப்பி போட்ட, கட்டையான ஆள். இறங்கின தொப்பிக்குக் கீழே முகம் சரியாகத் தெரியவில்லை.

8 ஏப்ரல்

கிறிஸ்தோப்பர் சாப்பிடவில்லை. அந்தச் சம்மட்டிச் சத்தம் காதுக்குள் நிற்கிறதாம்.

21 ஏப்ரல், ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து வந்தோம். யன்னல் எல்லாம் நொறுங்கிக் கிடந்தது. எங்களுடையது மட்டுமல்ல, அந்த வரிசையில் உள்ளே இருந்த ஹெல்முட்டுடையதைத் தவிர எல்லாருடையதும். கட்டிலில், அரிசி வாளிக்குள், மாதா படத்துக்கு முன்னால், எங்கும் கண்ணாடித் தூள். கட்டிலின் நடுவில் மலம் இருந்தது. மனிதருடையது.

நான் கழுவினேன். கிறிஸ்தோப்பர் வெளியில் நின்றார். அவருடைய கைகள் உதறின. போர்க்காலத்தில் மன்னாரில் ஆமி வீட்டுக்குள் வந்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் முழுக்கச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் இந்த உதறலை எனக்குத் தெரியும்.

அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"விட்டுட்டு ஒரு வீட்டை எடுங்கோவன், பிள்ளை. நாலு சுவர் உள்ள வீடு. உந்தப் பிடிவாதம் ஆருக்கு?"

"எனக்குத்தான் அண்ணை."

"உனக்கு. அந்த மனுசனுக்கு?"

ரெலிபோனை வைத்துவிட்டேன். அவர் கேட்டது சரி. அதனால்தான் கோபம் வந்தது.

11 மே, சனி

எழுத வேண்டும். இன்றைக்கே எழுத வேண்டும். பிறகு எனக்கு நானே வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுவேன்.

காலை பத்து மணியளவில் ஒரு டிராக்டரோடு வந்தார்கள். ஆட்கள் விட்டுப்போன வெறும் கரவன்களை மட்டும் இழுக்கப்போவதாகச் சொன்னார்கள். இழுத்தார்கள். நாங்களும் எங்களுடையதற்குச் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தோம். தேவை வந்தால் நாங்களாகவே எங்கேயாவது கொண்டுபோவோம் என்று. கிறிஸ்தோப்பர் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, நட் முறுக்கும் இரும்புச் சாவி என் கையில்.

ஹெல்முட்டின் திரை அரைவாசி மூடியிருந்தது. அந்தத் தொப்பிக்காரன் அவருடைய யன்னலில் தட்டினான். இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்துக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தான். கன நேரம் பார்த்தான். பிறகு திரும்பி, டிராக்டர்காரனுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

நான் கண்டேன். நான் கண்டனான். அவன் உள்ளே பார்த்தான். பார்த்துப்போட்டுத்தான் காட்டினவன்.

"உள்ள ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!" ஜெர்மனிலும் கத்தினேன், தமிழிலும் கத்தினேன். சங்கிலி இறுகியது. கரவனின் முட்டுக்கால்கள் மடிந்தன. அது ஒருதரம் முன்னுக்குப் போய், அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. உள்ளே கோப்பைகள் உடைகிற சத்தம். ஹெல்முட்டின் குரல். பிறகு 'புஸ்' என்று காஸ். பிறகு வெடித்தது.

ஒக்சிஜன் இருக்கிற இடத்தில் நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. வெள்ளையாக எரிந்தது.

ஓடினேன். தொப்பிக்காரன் குறுக்கே வந்தான். என் தலைமயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் அடித்தான். என் இடது கையில் சப்பாத்தை வைத்து மிதித்தான். விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வலது கையில் இரும்புச் சாவி இருந்தது. முழங்காலில் அடித்தேன். குனிந்தான். முகத்தில் அடித்தேன்.

"ஐயோ அம்மா!"

தமிழ். என் மொழி. தொப்பி கழன்றுவிட்டது. எங்கட முகம். முப்பது வயதிருக்கும். நிலத்தில் கிடந்தான். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை என் பக்கம் நீட்டினான், அடிக்காதேங்கோ என்பது போல.

கேட்ட பிறகும் அடிச்சனான். இன்னொருக்கா. அதே இடத்தில். அவன் விழுந்து கிடந்தவன். எனக்கு ஆபத்து முடிஞ்சுபோச்சு. இருந்தும் அடிச்சனான்.

சபீனாவும் மற்றவர்களும் ஹெல்முட்டை யன்னலால் இழுத்தெடுத்தார்கள். அவருடைய சேட் தோலோடு ஒட்டியிருந்தது.

கிறிஸ்தோப்பர் சக்கரத்தைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார். எல்லாம் முடியும் வரைக்கும் நின்றார்.

12 மே

பொலிஸ் கேட்டது. புகையில் யார் யாரை அடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஒரு செக்கூரிற்றிக்காரனுக்குக் கண் போய்விட்டதாம். அடித்தவரைத் தனக்குத் தெரியாது என்று அவனே சொல்லியிருக்கிறானாம்.

என் கையில் மாவுக்கட்டு. விழுந்ததாகச் சொன்னேன்.

14 மே, செவ்வாய்

ஹெல்முட் இன்று மத்தியானம் செத்துப்போனார்.

18 மே, சனி

அண்ணை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் சுகன்யாதேவி. வயிற்றில் பிள்ளை. அந்தத் தொப்பிக்காரனுடைய மனைவி. அவன் பெயர் அன்ரன். அவனுடைய தாய் தகப்பன் எங்கள் கோயில் ஆட்கள்தானாம். நான் அவனுக்கு அடித்த பிறகுதான் அவன் பெயரை அறிகிறேன்.

இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. உடைந்த யன்னலுக்கு நான் ஒட்டியிருந்த பொலித்தீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவருக்கு இடது கண் இல்லை. இனி வராது."

பொலித்தீனை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடிச்சது நீங்கள்தான் எண்டு அவருக்குத் தெரியும். அதுக்கு முதல் கிழமையே உங்களைக் கோயில்ல கண்டிருக்கிறார். ஆனா பொலிசுக்குச் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

அவள் அண்ணையைப் பார்த்தாள். அண்ணைதான் சொன்னார்: "இஞ்ச பார் பிள்ளை. அவன் உள்ளுக்குப் பாத்ததைக் கண்டது நீ மட்டும்தான். நீ அடிச்சதைக் கண்டது அவன் மட்டும்தான். ரெண்டு பேரும் வாயை மூடினா ரெண்டு குடும்பமும் தப்பும். செத்தவனுக்கு ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை."

"அவர் உள்ள ஆளைக் கண்டவரோ?" என்று அவளிடம் கேட்டேன். "உங்களிட்டை என்ன சொன்னவர்?"

அவள் முகம் கோணியது. "ஒரு குலுக்குக் குலுக்கினா ஆள் தானாக வெளிய வருமெண்டு முதலாளியின்ர ஆள் சொன்னவனாம். விழுமெண்டு தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. பயப்பிடுத்தத்தான்."

அப்படியென்றால் கண்டிருக்கிறான்.

அவர்கள் போன பிறகு கிறிஸ்தோப்பர் சொன்னார்: "நீர் ஒண்டும் பாக்கேல்லை. விளங்குதே? ஒண்டும் பாக்கேல்லை."

"நீங்களும் பாத்தனீங்கள். நான் ரெண்டாந்தரம் அடிச்சதை."

"நான் ஒண்டும் பாக்கேல்லை" என்றார். சொல்லும்போது அழுதார்.

23 மே

ஹெல்முட்டை எரித்து, சாம்பலை ஒரு புல்வெளியில், பெயர்க்கல் இல்லாமல் புதைத்தார்கள். நகரசபையின் செலவு. நாங்கள் திடல் ஆட்கள் மட்டும் நின்றோம்.

செத்தவனுக்கு ஆர் இருக்கினம்?

1 ஜூன், சனி

கிறிஸ்தோப்பருக்கு அடித்துவிட்டார்கள்.

வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். வெளிச்சமான பின்னேரம், சைக்கிளில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த பாதை. இரண்டு பேர். விலாவில் மூன்று எலும்பு. தாடை. விழுந்த பிறகும் உதைத்திருக்கிறார்கள். "பெண்சாதியைப் பேசாமல் இருக்கச் சொல்லு" என்று ஜெர்மனில் சொன்னார்களாம். அன்ரன் அனுப்பிய ஆட்களா, கொம்பனியின் ஆட்களா, தெரியாது.

தாடையைக் கட்டியிருப்பதால் பேச முடியவில்லை. என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்: விடு.

டெல்சி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு சண்டை பிடித்தாள். "அம்மா, ஒரு கரவனுக்காகவோ? ஒரு தகரத்துக்காகவோ?"

கரவனுக்காக இல்லை என்று சொன்னேன். எதுக்காக என்று கேட்டாள். கோயிலுக்குப் போகிற ஒருவன் கண்ணாடியில் முகத்தை வைத்து, மூக்கில் குழாயோடு படுத்திருக்கிற ஒரு வயோதிபனைப் பார்த்துவிட்டு விரலை உயர்த்தினான் என்று சொன்னேன். அது யாருக்குமே நடக்காதது போலப் போய்விடக்கூடாது என்று சொன்னேன்.

"அப்பாக்கு நடந்தது?"

அவளை அங்கேயே விட்டு, அவருடைய கட்டிலடிக்குத் திரும்பிப் போனேன்.

3 ஜூன், திங்கள்

போனேன்.

பொலிசில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பார்த்தது, விரல், டிராக்டர். பிறகு என்னுடையது. முழங்கால், முகத்தில் முதலாவது அடி, இரண்டாவது அடி.

எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரி பேனையை வைத்தாள். "இரண்டாவது அடி அடிக்கும்போது பயந்திருந்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து தருகிறாள் என்று விளங்கியது. சட்டத்தரணியும் இதைத்தான் சொல்லி அனுப்பினார். பயத்தில் என்றால் தண்டனை இல்லை.

"இல்லை" என்றேன். "கோபம். எங்கட ஆள் எண்டு தெரிஞ்ச பிறகுதான் கூடக் கோபம் வந்தது."



9 ஓகஸ்ட், வெள்ளி

கோயிலில் எனக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் ஒருவரும் இருப்பதில்லை. அண்ணை என் நம்பரை வெட்டிவிட்டார். யாரோ என் சைக்கிள் சீற்றைக் கத்தியால் கிழித்திருக்கிறார்கள்.

திடலை நகரசபை மூடி முத்திரை வைத்துவிட்டது. கொம்பனிக்காரர் இருவரைப் பிடித்திருக்கிறார்கள். கால்வாயின் மறுபக்கத்தில் ஒரு விவசாயி தன் புல்வெளியில் எங்களில் பத்துக் குடும்பத்துக்கு இடம் தருகிறார். நகரசபையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. கரண்ட் உண்டு, தண்ணீர் உண்டு.

கரவனை இழுத்துக்கொண்டு போகும்போது கிறிஸ்தோப்பர் அதற்குப் பின்னால் நடந்து வந்தார். சங்கிலி இறுகியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

30 செப்ரம்பர்

இன்று சொன்னார். கோபமில்லாமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

"எனக்கு இதுக்குள்ள நித்திரை வருகுதில்லை, இமெல்டா. ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்புறன். ஆரும் வந்து இழுத்துக்கொண்டு போகக்கூடிய வீட்டில என்னால ஏலாது."

"என்னை விட்டுட்டுப் போறீங்களோ?"

"உம்மை விடேல்லை. வீட்டைத்தான் விடுறன். நீரும் வாருமன்."

நகரத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாராம். இரண்டாம் மாடி.

நான் 'ஓம்' சொல்லியிருக்கலாம். என்னால் அடிபட்ட மனுசன். ஒரு 'ஓம்' சொல்லக்கூடாதா? வாய் வரவில்லை. இதை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் அவர்கள் சம்மட்டியோடு வந்ததற்கு அர்த்தம் வந்துவிடும். அப்படித்தான் எனக்குப் படுகிறது. பிழையாகவும் இருக்கலாம்.

20 பெப்ரவரி 2025, வியாழன்

தீர்ப்பு. கொம்பனிக்காரர் இருவருக்கும் டிராக்டர்காரனுக்கும் சிறை. அன்ரனுக்கும் சிறை.

அவன் மறுக்கவில்லை. நீதிபதி கேட்டபோது ஒற்றைக் கண்ணால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கண்டனான். அவர் என்னைப் பாத்துக் கையை ஆட்டினவர். நான் வந்தது சுகம் விசாரிக்க எண்டு நினைச்சிருப்பார்" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தார்.

ஹெல்முட் கையை ஆட்டினவர்.

எனக்கு ஒத்திவைத்த தண்டனை, சிறை இல்லை. இரண்டாவது அடிக்காக. சரிதான்.

வெளியில் சுகன்யாதேவி நின்றாள், கைக்குழந்தையோடு. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் காலில் துப்பிவிட்டுப் போனாள். நான் துடைக்கவில்லை.

18 மே 2025, ஞாயிறு

கிறிஸ்தோப்பர் வந்தார். ஞாயிறுகளில் வருவார். மீன் வாங்கி வந்தார். நான் புளி விட்டுக் குழம்பு வைத்தேன். படியில் ஆடிக்கொண்டிருந்த பலகையை அறைந்து தந்தார்.

சாப்பிடும்போது சொன்னார்: "டெல்சி கேட்டவள், அம்மா எப்ப இஞ்சால வாறா எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வரமாட்டா எண்டனான்."

"கோவிச்சவளோ?"

"இல்லை. சிரிச்சவள்."

வழமையாகச் சப்பாத்தோடுதான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். இன்று சாப்பாடு முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றினார். நான் பார்க்காதது போலக் கோப்பை கழுவினேன். கட்டிலில் சாய்ந்தார். கொஞ்சத்தில் குறட்டைச் சத்தம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றேன்.

பிறகு விவசாயியின் டிராக்டர் வேலிக்கு அந்தப் பக்கத்தால் போனது. துள்ளி எழும்பினார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகம். சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் கை விடவில்லை. நான் குந்தியிருந்து கட்டிவிட்டேன்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடப் போனேன். அடிபட்ட இடத்தில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்தது. ஓட்டுநர் அவருக்குத் தெரிந்தவர். இருவரும் கை காட்டிக்கொண்டார்கள்.

"வாற ஞாயிறும் வாங்கோ."

"பாப்பம்" என்றார். பிறகு ஏறி நின்று திரும்பி, "வாறன்" என்றார்.

அரை மணித்தியாலம் நித்திரை கொண்டார். அது போதும் என்று எழுத நினைக்கிறேன்.

போதாது.